சிறு பிள்ளையின் சித்திரம்



வீட்டை விடப் பெரிதாகத் தாயை வரைந்து, சூரியனுக்குக் கண்ணும் மூக்கும் வைத்து, உங்கள் பிள்ளை ஓடிவந்து காட்டுகிறதல்லவா? "எல்லாம் கோணல்" என்று சிரித்துத் தள்ளிவிடுகிறீர்களோ?

கீர்த்திபெற்ற சித்திரக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. பவுல் கிளே என்பவர், தாம் சிறுவயதில் வரைந்த படங்களை 1902-ம் ஆண்டில் பேர்ன் நகரிலுள்ள பெற்றோர் வீட்டில் கண்டெடுத்தார். 1911-ல் தம் படைப்புகளுக்கு அட்டவணை எழுதத் தொடங்கியபோது, அவற்றில் சிலவற்றையும் அதில் சேர்த்தார். ஜெர்மனியில் காந்தின்ஸ்கியும் காப்ரியேல மூன்டரும் பிள்ளைகளின் படங்களைச் சேகரித்தார்கள். மூன்டர் அம்மாள் அவற்றில் சிலவற்றைப் பார்த்துத் தாமே வர்ணத்தில் தீட்டினார். தேர்ந்த கை சிறு கைக்கு மாணாக்கனாயிற்று! வெளித்தோற்றத்தில் அளவு தவறினாலும், உள்ளத்தின் உண்மை அப்படங்களில் இருப்பதை அவர்கள் கண்டார்கள்.

சிறு பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால் மோட்ச இராச்சியத்தில் பிரவேசிக்க மாட்டோம் என்று நமதாண்டவர் எச்சரித்திருக்கிறார் (மத். 18:3). ஆனால் கோணல் கோடு இழுப்பதால் எவனும் பிள்ளையாகிவிட மாட்டான். துர்க்குணத்தில் குழந்தைகளாயும் புத்தியில் பெரியவர்களாயும் இருக்கும்படி அர்ச். சின்னப்பர் கற்பிக்கிறார் (1 கொரி. 14:20). அந்தச் சித்திரக்காரர்களும் தங்கள் திறமையை எறிந்துவிடவில்லை, அதைத் தாழ்த்தினார்கள். நம்மிடம் கேட்கப்படுவதும் அந்தத் தாழ்ச்சியே.

பெற்றோரே, பிள்ளை சேசுநாதரை வரையும்போது திருத்துவதற்காகப் பென்சிலைப் பிடுங்காதீர்கள். இன்று பரிகாசம்பண்ணுகிறவர்களிடம் நாளை அது மனந்திறந்து பேசாது. இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்தபின், "இதில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று அன்பாய்க் கேளுங்கள். அந்தப் படத்தில் ஆண்டவர் எங்கே, நீங்கள் எங்கே என்று பாருங்கள். அதுவே உங்கள் ஆத்தும சோதனையாகட்டும்.