பூக்காத செடியின் குற்றம்

கஞ்சாச் செடியை அதன் முதல் சில வாரங்களில் பார்ப்பவர், இது இன்ன செடி என்று உடனே சொல்லிவிடலாம். அது என்னவாகப் போகிறது என்று சொல்ல முடியாது. இந்த இடைவெளியில் ஒரு அறப்பிரச்னை சிக்கிக்கொண்டிருப்பதாக எனக்குப் படுகிறது. போதை நல்லதா கெட்டதா என்பதல்ல அது. அந்தச் சர்ச்சையில் இரு தரப்பாரும் தீர்மானித்துவிட்டுத்தான் பேச வருகிறார்கள். எனக்கு அதில் சுவாரஸ்யம் போய் வெகுநாளாயிற்று.

உத்தராகண்டின் குமாவோன் மலைகளை எடுத்துக்கொள்வோம். அங்கே இது தானாகவும் முளைக்கிறது, விதைத்தும் வளர்க்கப்படுகிறது. மாட்டுக்கொட்டிலை ஒட்டிய எருமண்ணில் கொழுத்து நிற்கும். தண்டிலிருந்து உரித்த நார் கயிறாகும், முரட்டுத் துணியாகும். விதையை வறுத்துச் சட்னி அரைப்பார்கள். விதையில் போதை கிடையாது. அதே செடியின் பூக்கதிரை உள்ளங்கைகளுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் கையில் ஒட்டும் பிசின்தான் சரஸ். கயிறும் சட்னியும் சரஸும் ஒரே செடியின் மூன்று முடிவுகள்.

வசந்தத்தில் முளைத்த செடி ஜூன் மாதத்து நீண்ட பகல்களில் இலையும் தண்டுமாக மட்டுமே வளர்கிறது. முதலில் இரண்டு வித்திலைகள். பிறகு ரம்பப் பல் விளிம்போடு ஒற்றை இலைகளாக ஒரு ஜோடி. அதற்கு மேல் மூன்று விரல், ஐந்து விரல், ஏழு விரல் என்று இலை விரிந்துகொண்டே போகும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறாக இருக்கும் இனம் இது. லின்னேயஸ் 1753-இல் பெயரிட்டபோதே அந்த வரிசையில்தான் இதை வைத்தார். ஆனால் இந்தப் பருவத்தில் கண்ணுக்கு ஆணும் தெரியாது, பெண்ணும் தெரியாது. இரவுகள் நீள ஆரம்பித்த பிறகுதான் பூ, பூத்த பிறகுதான் பால். இலையிலும் போதை கொஞ்சம் உண்டு; பிசினின் பெரும்பகுதி பெண்பூவைச் சுற்றிய சிற்றிலைகளின் ரோமங்களில் பின்னால் வந்து சேர்வது. ஆக, ஜூன் மாதத்துச் செடியில் குற்றம் ஸ்தூலமாக எங்கே இருக்கிறது?

1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தைப் படித்தால் இதற்கு இரண்டு பதில்கள் கிடைக்கின்றன, ஒன்றையொன்று பார்த்து விழித்துக்கொண்டு. கஞ்சா என்பதற்கு அது தரும் இலக்கணம், பூத்த அல்லது காய்த்த நுனிகள். நுனி சேராத இலையும் விதையும் கஞ்சா அல்ல. பாங்கு என்று இலையை அரைத்து உருட்டி உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் பெற்ற கடையிலேயே விற்கிறார்கள் என்றால் இந்த விலக்கின் தயவில்தான். அடுத்த பதில், செடி. எந்தப் பருவத்திலிருந்தாலும் அதைப் பயிரிடுவது குற்றம். தண்டனை பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நாருக்கோ விதைக்கோ வேண்டுமென்றால் அரசு அனுமதிக்கலாம் என்று ஒரு பிரிவு உண்டு. அனுமதியில்லாதவருக்கு இதுதான் கதி.

உலர்ந்த பூ ஒரு கிலோவுக்குள் கையில் வைத்திருப்பவருக்கு, அது சிறு அளவு என்பதால், அதிகபட்சம் ஒரு வருஷம். பூவே வராத நாற்றுக்கு நீர் ஊற்றியவருக்குப் பத்து வருஷம் வரை. உண்டானதைவிட உண்டாகக்கூடியது பயங்கரமானது என்று சட்டம் நினைக்கிறது.

நம் தத்துவ மரபில் இதற்குப் பழைய பெயர்கள் உண்டு. காரியம் காரணத்திலேயே இருக்கிறது, எள்ளில் எண்ணெய்போல என்பான் சாங்கியன். சற்காரியவாதம். இல்லாத ஒன்று புதிதாகத் தோன்றுகிறது, களிமண்ணைத் துருவித் துருவிப் பார்த்தாலும் குடம் கிடைக்காது என்பான் நியாயவாதி. அசற்காரியவாதம். நம் சட்டம் கஞ்சாவுக்கு இலக்கணம் சொல்லும்போது நியாயவாதி, பயிரிட்டவரைத் தண்டிக்கும்போது சாங்கியன். தத்துவவாதி இப்படி மாற்றிப் பேசினால் வாதத்தில் தோற்பான். சட்டத்துக்கு அந்தக் கவலையில்லை.

பூக்கும்வரை காத்திருக்கச் சொல்வது அசட்டுத்தனம் என்று நண்பர் ஒருவர் கோபித்தார். கொசுவைப் புழுவிலேயே அழிப்பதில்லையா என்றார். சரியான கேள்விதான். ஆனால் அதில் இரண்டு காரியங்கள் ஒன்றாகக் குழைக்கப்பட்டிருக்கின்றன. தடுப்பது எதிர்காலத்தைப் பார்த்துச் செய்வது. செடியைப் பிடுங்க அதன் சாத்தியப்பாடு போதும். தண்டிப்பது நடந்ததைப் பார்த்துச் செய்வது. செடியின் சாத்தியப்பாட்டை அதை வளர்த்தவரின் எண்ணமாகப் பெயர்த்தெழுதும் இடத்தில்தான் தவறு நிகழ்கிறது. செடிக்கு மூன்று முடிவுகள் இருக்க, அவர் மனத்தில் இருந்தது எது? குற்ற மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும், இல்லையென்று நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவர் பொறுப்பு என்கிறது அதே சட்டத்தின் 35-ஆம் பிரிவு. சட்னிக்காக வளர்த்தேன் என்பதை ஒரு மலைக்கிராமத்துக் கிழவி எந்த சாட்சியை வைத்து நிரூபிப்பாள்?

இன்னொன்றும் உறுத்துகிறது. தானாக முளைத்து நிற்பதைப் பயிரிட்டது என்று சொல்ல முடியாது. அதற்குப் பாத்தி கட்டி, களை எடுத்து, ஆடு கடிக்காமல் முள் வைத்தால் அது பயிர். ஒரே சரிவில் பத்தடி இடைவெளியில் இரண்டு செடிகள். ஒன்று காடு, மற்றது குற்றம். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒருவரின் பராமரிப்பு மட்டும். செடிகளில் கிடைக்காத வித்தியாசத்தைச் சட்டம் கைகளில் தேடி எடுக்கிறது.

நான் பிழைப்புக்கு வங்கியில் இருக்கிறவன். பயிர்க்கடன் மனுக்கள் என் மேஜைக்கு வரும். நடவு முடிந்த வயலைப் பார்த்துவிட்டு வந்து ‘பயிர் நிலை திருப்தி’ என்று அதிகாரி எழுதுவதை நம்பி, இல்லாத நெல்லின் பேரில் பணம் எண்ணித் தருகிறோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து யாரோ ஒரு இளைஞரின் முதல் தொகுதியைப் பிரித்து, ‘நம்பிக்கை தருகிறார்’ என்று மதிப்புரை எழுதுகிறேன். சாங்கியன்தான் நானும். என் கணிப்பு பொய்த்தால் வங்கிக்கு வாராக்கடன், எனக்குக் கொஞ்சம் வெட்கம். யாரும் சிறைக்குப் போவதில்லை. சில மாதங்களுக்கு முன் இப்படியொரு தொகுதியை நான்கு கவிதைகளோடு மூடிவைத்து, இவரிடம் எதுவும் வராது என்று எழுதி அனுப்பினேன். அதை இப்போது திரும்ப வாங்க முடியாது.

உத்தராகண்ட் அரசு சில ஆண்டுகளாக நாருக்காகப் பயிரிட உரிமம் தருகிறது. போதைச் சத்து 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. இதுவும் நாற்றைப் பார்த்துத் தெரிகிற சங்கதியல்ல. கதிர் வந்த பின் சோதனைச்சாலையில் தெரிவது. உரிமம் பெற்றவருக்கு அதுவரை அவகாசம் உண்டு.

அவகாசம் என்பது இந்தச் செடி விஷயத்தில் புதிதும் இல்லை. 1893-இல் பிரிட்டிஷ் அரசு நியமித்து 1894-இல் அறிக்கை தந்த சணல் போதைப்பொருள் கமிஷன், அன்றைய வங்காளத்தின் நவகாவ் கஞ்சா வயல்களை விவரிக்கிறது. இன்று அது வங்கதேசத்தில். அங்கே பர்க்தார் என்று ஒரு ஆள் உண்டு, ஆங்கிலேயர்கள் கஞ்சா டாக்டர் என்றார்கள். நாற்றாக இருக்கும்போது அவருக்கு அங்கே வேலையில்லை, கூப்பிடவும் மாட்டார்கள். செடிகள் தங்கள் பாலைக் காட்டத் தொடங்கும் பருவத்தில் வருவார். வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு செடியிடமும் குனிந்து பார்ப்பார். ஆண் என்று தெரிந்ததை மட்டும் பிடுங்கவோ ஒடித்துப்போடவோ செய்துவிட்டு அடுத்ததற்குப் போவார்.