மகரக்கட்டு வாராத குரல்

அலெஸ்ஸாண்ட்ரோ மொரெஸ்கியின் குரல் இசைத்தட்டுகளில் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. 1902-இலும் 1904-இலும் உரோமையில் பதிவானவை அவை. நாற்பதைக் கடந்த ஆண்மகன் ஒருவர் சிறுவனின் சுருதியில் 'ஆவே மரியா' பாடுகிறார். சிஸ்டைன் சிற்றாலயப் பாடகரான அவர், விரை நீக்கப்பட்ட பாடகர்களுள் தனிக்குரல் பதிவான ஒரே ஒருவர்.

சிறுவன் பருவமடைகையில், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏவ, விரைகள் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கின்றன. அது குரல்வளையைப் பெருக்கிக் குரல்நாண்களை நீட்டித் தடிக்கச் செய்கிறது. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழிறங்குகிறது. நம்மவர் மகரக்கட்டு என்பது இதனையே. அந்த ஹார்மோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜெனாக மாறி, எலும்பு நுனிகளின் வளர்ச்சியை உரிய காலத்தில் நிறுத்துகிறது. விரைகளை முன்னரே அகற்றிவிட்டால் இரண்டும் நிகழா. குரல்வளை சிறிதாகவே நிற்கும். கைகால்கள் நெடிது வளரும். சிறுவனின் தொண்டைக்குப் பின்னே பெரியவரின் நுரையீரல்! கேட்டோரை மயக்கிய குரலின் இரகசியம் அவ்வளவே. முதுமையில் நொய்ந்துபோகும் எலும்பும், பிள்ளைப்பேறற்ற வாழ்வும் எவர் காதிலும் விழுவதில்லை.

டெஸ்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டது 1935-இல்தான். ஆயினும், காளையைக் காயடிக்கும் உழவன் எவனும் விளைவை அறிந்தே இருந்தான். அறியாமல் செய்தனர் என்று சொல்ல வழியில்லை.

திருச்சபையும் இச்செயலைக் குற்றமென்றே கருதியது. ஆனால் ஆலயப் பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை. உச்சக் குரலோ தேவைப்பட்டது. 1589-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் புனித பேதுரு பேராலயப் பாடகர் குழுவைச் சீரமைத்தபோது இத்தகையோருக்கும் அதில் இடம் கிடைத்தது. பிள்ளை குதிரையிலிருந்து விழுந்தான், பன்றி கடித்தது என்று காரணங்கள் கூறப்பட்டன. கேட்டவர்கள் மேலே கேட்கவில்லை. கத்தியைத் தொடாதவர்களின் கைகள் தூயவை என்று எண்ணிக்கொண்டார்கள் போலும்.

மத்தேயு நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர், மனிதரால் அவ்வாறு ஆக்கப்பட்டவரையும் விண்ணரசின் பொருட்டுத் தம்மையே அவ்வாறு ஆக்கிக்கொண்டவரையும் வேறுபடுத்திப் பேசுகிறார். குருவானவர் துறவு ஏற்கும்போது, தமக்குள் ஊறும் ஆசையை அறிந்து, அதனைக் காணிக்கையாக்குகிறார். எட்டு வயதுச் சிறுவனிடம் துறப்பதற்கு என்ன இருந்தது? அந்த ஹார்மோன் அவன் உடலில் தன் வேலையைத் தொடங்கவே இல்லை. இன்னும் வந்துசேராத ஒன்றை அவன் எப்படிக் கொடுத்திருக்க முடியும்? அவன் தலையாட்டியிருந்தாலும் அது சம்மதமாகாது. அவனிடமிருந்து எடுக்கப்பட்டது, பின்னாளில் அவனே முடிவெடுத்திருக்கக்கூடிய ஒரு வாழ்க்கை.

1903-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், உச்சக் குரல்களைச் சிறுவர்களே பாட வேண்டுமென்று பணித்தார். மொரெஸ்கி 1913 வரை குழுவில் இருந்து, 1922-இல் மறைந்தார்.

அந்த இசைத்தட்டின் பாடலை முதலில் கேட்டபோது என் கண் கலங்கிற்று. செய்தியறிந்த பின்னர்க் கேட்டபோதும் கலங்கிற்று. முதற்கண்ணீருக்காக நான் வெட்கப்பட வேண்டுமா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.