செய்தி வாசிப்போரும் உடையும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் முன்னோர் வாக்கு. இம்முதுமொழி, தொலைக்காட்சித் திரையில் தோன்றிச் செய்தி வாசிக்கும் ஆடவர்க்கும் பொருந்துமா? கோட்டும் கழுத்துப்பட்டையும் அவர்களுக்கு இன்றியமையாதனவா? அவற்றைக் களைந்து எளிய உடையில் வந்தால் என்ன குறைந்துவிடும்? சிறிதெனத் தோன்றும் இவ்வினாவினுள் பெரியதோர் அறக்கேள்வி அடங்கியுள்ளது.

பிரிட்டனில் 1920களில் பி.பி.சி. வானொலியின் மாலைநேர அறிவிப்பாளர்கள், நேயர் கண்ணுக்குப் புலப்படாதவர்களாயினும், விருந்துக்குரிய கறுப்புக் கோட்டணிந்தே ஒலிவாங்கியின் முன் அமர்ந்தனர். காணாதவர்க்காக ஏன் அக்கோலம்? அது பணிக்குத் தந்த மதிப்பு எனலாம். 1954இல் தொலைக்காட்சிச் செய்தி தொடங்கியபோதோ, வாசிப்பவரின் முகத்தையே அந்நிறுவனம் காட்டவில்லை. முகக்குறிப்பு நடுநிலைக்கு ஊறு செய்யும் என அஞ்சியது. 1955 செப்டம்பரில்தான் கென்னத் கெண்டல் திரையில் தோன்றிச் செய்தி வாசித்தார். இவ்விரு வழக்கங்களும் உணர்த்துவது ஒன்றே: செய்தி முன்னிற்க வேண்டும், சொல்பவர் பின்னிற்க வேண்டும்.

ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் காலை நிகழ்ச்சி நடத்திய கார்ல் ஸ்டெஃபானோவிக், ஏறத்தாழ ஓராண்டு ஒரே நீலக் கோட்டை அணிந்து வந்தார். 2014இல் அவரே கூறும்வரை அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. உடன் பணியாற்றிய பெண்களின் உடையோ ஓயாது குறைகூறப்பட்டது. அவ்வநீதியைச் சுட்டவே அவர் அவ்வாறு செய்தார். கண்ணை உறுத்தாத உடையால் ஆடவர் பெறும் நன்மை பெண்களுக்கும் கிடைத்தல் வேண்டும்; ஆடவர் அதனைக் கைவிடுதல் தீர்வாகாது.

எளிய உடை நேயரோடு நெருக்கம் வளர்க்கும் என்பர் சிலர். நெருக்கம் நன்றே. ஆயினும், செய்தி கேட்போருள் அன்று மகனை இழந்த தாயும் இருப்பாள் அன்றோ? 2002 மார்ச் 30ஆம் நாள், எலிசபெத் அரசியாரின் தாயார் மறைந்த செய்தியைப் பி.பி.சி.யில் அறிவித்த பீட்டர் சிசன்ஸ், கறுப்புக்கு மாறாகக் கருஞ்சிவப்புக் கழுத்துப்பட்டை அணிந்திருந்தார் என்று கண்டனம் எழுந்தது. அரச குடும்பத்து மரணத்திற்குக் கறுப்பு வேண்டுமெனில், பெயரறியா மீனவர் கடலில் மாண்ட செய்திக்கு எந்நிறம் வேண்டும்? ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர்க்குத் துக்க நாளே. ஆதலின், எந்நாளும் துயருற்றோர் முன் நிற்கத்தக்க உடையே செய்தி வாசிப்பவர்க்கு ஏற்றது.

அவ்வாறாயின் குளிர்நாட்டுக் கோட்டுதான் கண்ணியமா? அன்று. மலேசியாவில் நீண்ட கையுடைய பாத்திக் சட்டை முறையான உடையாக ஏற்கப்பட்டுள்ளது. ஜப்பானிய அரசு 2005 கோடையில், அலுவலகக் குளிர்சாதனத்தை 28 பாகை செல்சியஸில் வைத்து, கோட்டையும் கழுத்துப்பட்டையையும் தவிர்க்குமாறு ஊக்குவித்தது. அமைச்சர்களே அதற்கு முன்னோடியாயினர். கழுத்துப்பட்டை போனதால் அரசின் மாண்பு போய்விடவில்லை. எனவே, நம் வெப்பத்திற்கேற்ற உடையில் வந்து செய்தி வாசிப்பது தவறாகாது. அவ்வுடை தன்பால் கண்களை ஈர்க்காமலும், கேட்போரை எளிதாக எண்ணாமலும் இருத்தல் வேண்டும், அவ்வளவே.

இறுதியாக ஒன்று. செம்மையாக உடுத்திச் சொன்னாலும் பொய் பொய்யே; நல்லுடை அணிந்த பொய்யை மக்கள் எளிதில் நம்புவதால் அதன் தீங்கும் பெரிது. உடையால் பெறும் நம்பிக்கை கடன் போன்றது. அதனை உண்மையால் அடைப்பதே செய்தி வாசிப்போரின் கடமையாகும்.