உதவிக்காரர் கண்ணில் படாதவர்கள்

கிளாஸ்கோ நகரின் புனித யோவான் வட்டாரத்துக்கு 1819இல் போதகராக வந்த தாமஸ் சால்மர்ஸ், நகர நிர்வாகத்திடம் வினோதமான ஒரு சலுகை கேட்டு வாங்கினார். தம் வட்டாரத்து ஏழைகளுக்கு நகரத்தின் பணம் வேண்டாம், சபையே பார்த்துக்கொள்ளும்.

சுமார் 10,000 பேர் வசித்த இடம். பெரும்பாலும் நெசவாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள். அதை 25 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதவிக்காரரை அமர்த்தினார். உதவி கேட்டவரின் வீட்டுக்கு அவரே போவார். வேலை ஏதும் கிடைக்குமா, கைகொடுக்க உறவு உண்டா, அண்டை வீட்டார் பார்த்துக்கொள்வார்களா என்று விசாரிப்பார். எல்லாக் கதவும் மூடிய பிறகே ஆலயக் காணிக்கையிலிருந்து பணம். ஆண்டுக்கு 1,400 பவுண்டாக இருந்த நிவாரணச் செலவு 280க்கு இறங்கியது.

சால்மர்ஸ் கருமி அல்லர். சட்டம் போட்டு வசூலித்துத் தரும் பணம், கொடுப்பவர் மனத்தையும் வாங்குபவர் மனத்தையும் மரத்துப்போகச் செய்யும் என்று நம்பியவர். அதில் உண்மை இருக்கிறது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசுகிறவரின் இடத்தை எந்த அலுவலக ஜன்னலும் நிரப்பாது.

ஆனால் அந்த 280 பவுண்டு எதைக் காட்டுகிறது? செலவு குறைந்ததை மட்டும். துருவித் துருவிக் கேட்பார்களே என்று கூசி, பசியோடு வாய் திறக்காமல் இருந்துவிட்டவர்கள் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. தவிர, சால்மர்ஸின் பிரசங்கத்துக்காகவே வெளி வட்டாரங்களிலிருந்து வந்து காணிக்கைத் தட்டை நிரப்பிய வசதிக்காரர்கள் பலர். அப்படியொரு பிரசங்கி வாய்க்காத வட்டாரத்தின் ஏழை யாரை நம்புவது?

அவரை மறுத்தவரும் கிறிஸ்தவரே. எடின்பரோ மருத்துவர் வில்லியம் பல்ட்னி அலிசன், காய்ச்சல் கண்ட குடிசைகளுக்குள் ஆண்டுக்கணக்கில் போய்வந்தவர். ஏழைகளுக்கு இங்கிலாந்தைவிட ஸ்காட்லாந்து மிகக் குறைவாகச் செலவிடுகிறது, அந்த வறுமையில்தான் காய்ச்சல் செழிக்கிறது என்று 1840இல் எழுதினார். விருப்பத்துக்கு விட்டால் ஈரநெஞ்சுக்காரர் தலையில்தான் பாரம் முழுக்க விழும். வெளியூரில் இருந்துகொண்டு குத்தகைப் பணம் வாங்கும் நிலக்கிழார் நழுவிவிடுவார். வரி என்றால் அவரும் கட்டித்தான் ஆகவேண்டும்.

உதவிக்காரர் பணி எப்படிப் பிறந்தது என்பதையும் இங்கே நினைக்கலாம். எருசலேமின் முதல் சபையில், அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. உடைமைகளையே பொதுவாக வைத்திருந்த சபை அது. அங்கும் வேற்றுமொழிக்காரிகள் கண்ணில் படவில்லை. இன்னும் கொஞ்சம் அன்பாயிருங்கள் என்று சொல்லிவிட்டு அப்போஸ்தலர்கள் போய்விடவில்லை. சபையாரே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, அவர்களிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள்.

1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்தது. 400க்கும் மேற்பட்ட போதகர்களோடு வெளியேறியவர்களின் தலைவர் சால்மர்ஸேதான். ஊர் ஏழைகள் எல்லாரையும் ஒரே சபை தாங்கும் என்ற அவருடைய கனவு அவர் கையாலேயே உடைந்தது. 1845இல் வந்த சட்டம் நிவாரணப் பொறுப்பை வட்டார வாரியங்களிடம் கொடுத்தது. அதிலும் ஓட்டை இருந்தது: உடம்பில் தெம்பிருந்தும் வேலையில்லாதவருக்கு உதவி கேட்கும் உரிமை இல்லை.

பிறகு உருளைக்கிழங்கு அழுகல் நோய். அயர்லாந்தும் ஸ்காட்லாந்தின் மலைநாடும் பட்டினியில் விழுந்தன. 1847 மே மாதம், தாம் இறந்த அதே மாதத்தில், சால்மர்ஸ் பஞ்சத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அரசு தாராளமாகச் செலவழிக்க வேண்டும், தானியத்தைச் சாராயமாக்கும் வடிசாலைகளை நிறுத்த வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்.