தாமரைக் குளமும் நாகக் குடையும்



தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தில், கருப்பணசாமி பாறை என மக்கள் வழங்கும் குன்றின் முகப்பில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த இவ்விடத்து வட்டெழுத்துக்களில் அச்சணந்தி அடிகளின் பெயர் காணப்பெறுகின்றது. அத்திருவுருவங்களுள் பார்சுவநாதரை நாம் எளிதில் அறியலாம். அவர் திருமுடிமேல் நாகம் படம் விரித்து நிற்கின்றது.

அந்நாகம் அங்கு வந்த வரலாறு நாம் கேட்டதே. தவசி ஒருவன் தீ வளர்க்கக் கட்டையைப் பிளக்க முற்பட்டான். உள்ளே நாக இணை உள்ளது என இளவரசராய் இருந்த பெருமான் கூறியும் அவன் கேளான். வெட்டுண்டு துடித்த அவ்விணை, பெருமானின் அருளுரை கேட்டு அமைதியுற்று உயிர்நீத்தது. தரணேந்திரனும் பதுமாவதியுமாகப் பிறந்தது. பின்னர்க் கமடன் கல்லும் மழையும் பெய்வித்தபோது அந்நாகமே பெருமானுக்குக் குடையாயிற்று. சிற்றுயிர்க்கு மனிதர் காட்டும் இரக்கம் மனிதர்க்கே நிழலாகத் திரும்பும் என்பது இதன் உட்பொருள்.

நாகக் குடைக்கீழ் அமர்ந்த இப்பெருமானைப் புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குடைவரையிலும் தரிசிக்கின்றோம். மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் 9ஆம் நூற்றாண்டில் புதுப்பித்த அக்கோயிலின் விதானத்தில் புகழ்பெற்ற தாமரைக் குளம் தீட்டப்பெற்றுள்ளது. மீன்களும் பறவைகளும் யானைகளும் எருமைகளும் நிறைந்த அந்நீரில் மூவர் மலர் கொய்கின்றனர். இது சமவசரணத்தின் காதிகா பூமி என்றும், மலர் கொய்வோர் பவ்வியர் என்றும் அறிஞர் விளக்குவர்.

ஓவியத்தை ஊன்றி நோக்குவோம். பவ்வியர் மலரை மட்டும் எடுத்துக்கொண்டனர். குளத்தை ஏனைய உயிர்களுக்கு விட்டுவைத்தனர். அருகனின் திருவுரை கேட்கச் செல்லும் வழி, பல்லுயிர் வாழும் இந்நீரைக் கடந்தே செல்கின்றது!

உத்தமபாளையத்தில் நின்று நோக்கினால் கம்பம் பள்ளத்தாக்கே அத்தகைய குளமாகத் தோன்றும். மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பெற்ற பெரியாற்று நீர் 1895 முதல் இப்பக்கம் பாய்கின்றது. நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சைப் பந்தல்களும் இங்குச் செழிக்கின்றன.

நம் முன்னோருள் பலர் உழவர். நம்முள்ளும் நிலமுடையோர் பலர். ஏர்முனையில் புழு மாள்வதை எவரால் முற்றும் தவிர்க்க இயலும்? இதனை உணர்ந்தே நம் ஆசாரியர்கள், கருதிச் செய்யும் இம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும் என்றும், தொழில்வழி நேரும் இம்சையை இயன்றவரை குறைக்க வேண்டும் என்றும் வகுத்தனர்.

ஆயின், பந்தலுக்கு அளவின்றி நஞ்சு தெளித்து, தெளிப்பானை வாய்க்காலிலேயே கழுவி, மீனும் தவளையும் மிதப்பதைக் கண்டும் வாளா இருப்பது இவ்விரண்டனுள் எதன்பாற்படும்? ஒருமுறை அறியாமல் நேர்ந்தது தொழில்வழி இம்சை எனலாம். கண்டபின்னும் தொடர்வது கருதிச் செய்வதே அன்றோ? பூச்சி உண்ணாமல் இரவுணவு துறக்கும் நாம், பகலில் வாய்க்காலை நஞ்சாக்கலாகாது.

ஆதலின், வரும் சாதுர்மாசத்தில் நாம் ஒரு சிறு நோன்பு ஏற்போம். நஞ்சு கழுவிய நீரை ஓடும் நீரில் விடோம். வேண்டிய அளவுக்கு மேல் ஒரு துளியும் தெளியோம். மலர் கொய்த பின்னும் குளம் குளமாகவே இருக்கட்டும்.

வாழ்க அறம்! வளர்க அருள்!