கொடுத்த பின்னும் தொடரும் கடமை

பயன் கருதாமல் செயலாற்ற வேண்டும் என்பது நம் நாட்டு அறநூல்கள் பலவும் வற்புறுத்தும் நெறி. இந்நெறியில் நிற்க விரும்பும் ஒருவருக்கு ஓர் ஐயம் எழக்கூடும். தொலைதூர நாட்டிலுள்ள ஒரு பள்ளியில் குடிநீர்க் கிணறு அமைக்க அவர் பொருளுதவி செய்கிறார். கொடுத்ததை மறந்துவிடுவதுதானே பற்றின்மை? அந்தக் கிணற்றில் இன்றும் நீர் வருகிறதா என்று விசாரிப்பது, பயனில் பற்று வைப்பதாகாதா?

இது வெறும் ஏட்டளவிலான கேள்வி அன்று. உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 57 கோடிக் குழந்தைகளுக்கு அவர்களது பள்ளியில் அடிப்படைக் குடிநீர் வசதி இருக்கவில்லை. கொடுப்பவர் இக்கேள்விக்கு என்ன விடை காண்கிறார் என்பது இத்தகைய குழந்தைகளின் உடல்நலத்தைத் தொடுகிறது.

இக்குறையைப் போக்க உழைக்கும் சேவை அமைப்புகளுள் ஒன்று ரோட்டரி சங்கம். 1905-இல் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் இதைத் தொடங்கினார். அந்நகரில் பொதுக் கழிப்பிடம் அமைக்க முயன்றது அதன் முதல் பொதுப்பணிகளுள் ஒன்று. இன்று ஒரு நாட்டின் சங்கத்தார் திரட்டும் நிதி, வேறொரு நாட்டின் பள்ளியில் ஆழ்துளைக் கிணறாகவும் நீர்த் தொட்டியாகவும் மாறுகிறது.

கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர் பானை காலியானதைத் தம் கண்ணாலேயே காண்கிறார், உடனே நிரப்புகிறார். கடல் கடந்து கொடுப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1970-களில் நம் நாட்டில் உருவான 'இந்தியா மார்க் 2' என்ற அடிபம்பு, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் பயன்படுகிறது. உறுதியான பம்புதான். ஆயினும் நிலத்தடியிலுள்ள அதன் உருளைக்குள் ஒரு வாஷர் தேய்ந்துவிட்டால் நீர் மேலேறாது. அதை மாற்றக் குழாய்களையெல்லாம் வெளியே தூக்க வேண்டும். தனிக் கருவிகளும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். இவை இல்லாத ஊரில் மாணவர்கள் மீண்டும் குட்டை நீருக்கே செல்வார்கள். கொடுத்தவரின் பெயர்ப்பலகை மட்டும் பம்பின் அருகே நிற்கும்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு வங்கதேசம் துயரமான சான்று. குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்க, 1970-கள் முதல் யூனிசெஃபின் உதவியுடன் அங்கே ஏராளமான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. அந்நீரில் நோய்க்கிருமிகள் குறைவு. ஆனால் பல இடங்களில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்திருந்தது. அதற்கான சோதனை அன்று வழக்கத்தில் இல்லை. அந்நாட்டில் 1993-இல்தான் நஞ்சு கண்டறியப்பட்டது. பின்னர் ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டு, தீயவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன. கிணறு தோண்டியது எவ்வளவு அறமோ, திரும்பி வந்து சோதித்துச் சிவப்பு வண்ணம் பூசியதும் அவ்வளவு அறமே.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். ஒரு கொடையிலிருந்து இரு பயன்கள் விளைகின்றன. புகழ், நன்றி, 'நான் கொடுத்தேன்' என்ற மனநிறைவு ஆகியவை கொடுப்பவரை வந்தடைவன. தூய நீர் பெறுபவரைச் சென்றடைவது. துறக்க வேண்டியது முதலாவதை. இரண்டாவதைத் துறக்கும் உரிமை கொடுப்பவருக்கு இல்லை. ஏனெனில் அது அவருடையதன்று, அந்தக் குழந்தையுடையது. பிறருக்குரிய பயனைப் பற்றிக் கவலையற்று இருப்பது பற்றின்மை ஆகாது. அது அலட்சியம்.

எனினும், விசாரிக்கும் உரிமையை அதிகாரமாக மாற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. 'என் பணம், என் கிணறு' என்னும் எண்ணம் தலைகாட்டினால் கைவிட்ட பற்று மறுவாசல் வழியே நுழைந்துவிடும். ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியத் திட்டங்களில், நிதியளிக்கும் வெளிநாட்டுச் சங்கத்தோடு உள்நாட்டுச் சங்கமும் பொறுப்பேற்க வேண்டும். மக்களின் தேவையை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். மானியம் தீர்ந்த பின்னும் பணி நிலைக்க வழி காட்ட வேண்டும். இவ்விதிகளை வெறும் நிர்வாக நடைமுறை என்று தள்ளிவிட முடியாது. கொடுப்பவரின் அகந்தைக்கும் அலட்சியத்துக்கும் ஒருசேர இடப்பட்ட கடிவாளம் என்றே இவற்றைக் கொள்ளலாம்.

1980-களில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடிபம்புகளின் பழுதுகளை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகக் கவனித்துக் குறித்தார்கள். அதன் பயனாக, குழாய்களைத் தூக்காமலேயே வாஷரை மாற்றக்கூடிய 'மார்க் 3' பம்பு உருவாயிற்று. பழுதைத் தாமே நீக்கிக்கொள்ளும் திறன் இதனால் ஊராரின் கைக்கு எட்டியது. கொடுப்பவர் விசாரிக்க வேண்டியதும் இதைத்தான்: பம்பு பழுதானால் அதைச் சரிசெய்ய அந்த ஊரிலேயே ஒருவர் இருக்கிறாரா? 'இருக்கிறார்' என்ற விடை வரும்வரை அவரது கடமை முடிவதில்லை. அவ்விடை வந்த பின் அவர் பெயரை அந்த ஊர் மறந்துவிட்டாலும் குறையொன்றும் இல்லை.