செவ்வனே

செவ்வனே என்பது செம்மை என்னும் பண்படியாகப் பிறந்த வினையடை. ஈண்டுச் செம்மையாவது கோடாமை; கோடாத கோலைச் செங்கோல் என்பதும் இதுபற்றியே. ஆகவே நெறி பிறழாது ஒன்றனைச் செய்தலே செவ்வனே செய்தலாம். இக்காலத்தோ, விழா இடையூறின்றி முடிந்த துணையானே 'செவ்வனே நடைபெற்றது' என எழுதுகின்றனர். யாமும் அங்ஙனம் எழுதியதுண்டு. அவ்வழக்கிற் சொல் செய்வானை விட்டுப் பயனைச் சார்ந்துவிடுகின்றது.

மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை நோக்குக. பகைவனாகிய முத்தநாதன் திருநீற்றுக் கோலம் பூண்டு, சுவடிப்பையிற் படையை ஒளித்துப் புகுந்து, தம்மை வணங்கிய அவரைக் குத்தினான். நாயனாரோ அவனை அடியவனாகவே கொண்டு, வாளோங்கிய தத்தனைத் தடுத்து, ஊறின்றி ஊரெல்லை கடத்திவிடப் பணித்தார். தத்தன் மீண்டு வந்து அச்செய்தி சொல்லுங்காறும் உயிர் தாங்கியிருந்தார். பயன் நோக்கின் ஆங்கு நேர்ந்தது கேடு. ஒழுக்கம் நோக்கின் அவர் செய்தது செவ்வனே. அடியார் திருவேடத்தை இறைவனாகவே கண்டு வழிபடுக என்னும் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரப் பொருள் அவர்பால் நின்று விளங்கிற்று.

அன்பர்காள்! நாம் ஆற்றும் பூசையும், எழுதும் அறக்கட்டளைக் கணக்கும் பிறர் காணாவிடத்தும் கோடாதிருந்தனவா? அதனை நெஞ்சறிய வினவிய பின்னரே அச்சொல்லை எழுதுவோமாக.